எகலப்பொலையும் துணைவலியும்

சென்ற தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்பு மாணவருக்குத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். செயலில் இறங்குவோன் அச்செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்த்த பின்னரே இறங்கவேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. முதல் மூன்றையும் மாணவர் எளிதில் ஏற்றனர். நான்காவதில் ஒரு மாணவிக்கு ஐயம் பிறந்தது. துணைவன் எத்துணை வலியவனோ அத்துணை நன்மையல்லவா, அதனை ஏன் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு விடை சொல்வதற்குள், செய்தித்தாள் படிக்கும் பழக்கமுள்ள மாணவன் ஒருவன் அவ்வினாவை இக்காலத்துக்கு இழுத்து வந்தான். ஒரு நாடு பயங்கரவாதத்தின் பிடியிற் சிக்கி அல்லலுறும்போது, வல்லரசொன்று படையுடன் வந்து அதனை மீட்டால் என்ன பிழை என்பது அவன் வினா.

இரண்டு வினாக்களுக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கையையே விடையாகக் கூறினேன். அவர்தாம் கண்டியரசின் முதன் மந்திரியாயிருந்த எகலப்பொல மகா அதிகாரம். அவருடைய மைத்துனரின் வளவு எங்கள் மாத்தளை நகரையடுத்த உலங்கமுவவில் உள்ளதாதலால், இக்கதை எங்களுக்கு அயலூர்க் கதையன்று.

என் சிறுபருவத்திலே யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், விடிய விடியக் கண்டியரசன் கூத்துப் பார்த்திருக்கிறேன். தாயொருத்தி உரலின் அருகே நிற்கும் கட்டத்திலே சனங்கள் விம்மியழுததை இன்றும் மறந்தேனல்லேன். அந்தத் தாயின் கணவர் பின்னர் என்னவானார் என்று அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கதை அதுவே என்பதை மாத்தளைக்கு வந்து ஆசிரியனான பின்னரே உணர்ந்தேன்.

அரசனும் அதிகாரமும்

1798ஆம் ஆண்டில் இராசாதி இராசசிங்கன் இறந்தபோது, பிலிமத்தலாவை என்னும் முதலாம் அதிகாரம், நாயக்கர் குலத்துக் கண்ணுச்சாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனை அரியணையில் அமர்த்தினார். அவ்விளைஞனே சிறீ விக்கிரம இராசசிங்கன். தம் சொற்படி ஆடும் பாவையென்று கருதி அமர்த்திய இளைஞன் தன் மனம்போல் ஆளத் தொடங்கியதும், பிலிமத்தலாவை கரையோரத்தை ஆண்ட ஆங்கிலேயருடன் மறைவிற் பேசினார். தேசாதிபதி நோர்த்து அதற்குச் செவிகொடுத்தார். 1803ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கண்டிக்குட் புகுந்து, முத்துச்சாமி என்பவருக்கு முடிசூட்டிவிட்டு, ஒரு காவற் படையையும் அங்கே நிறுத்தினர். காய்ச்சலால் நலிந்த அப்படை அவ்வாண்டு யூன் மாதத்தில் சரணடைந்து அழிந்தது. முத்துச்சாமியும் கொல்லப்பட்டார்.

இந்நிகழ்ச்சி அரசனின் உள்ளத்தில் நஞ்சாய் இறங்கியது. தன் பிரதானிகள் எவரும் எந்நேரத்திலும் கடற்கரைக்காரரோடு கூடுவர் என்ற அச்சம் அவனை விட்டு நீங்கவேயில்லை. அச்சமுற்ற அரசனே கொடிய அரசனாவான். அவன் கொடுமைகளை ஆங்கிலேயர் பிற்காலத்தில் உலகறியப் பறைசாற்றினர். அவை பெரும்பாலும் நடந்தவையே. ஆயினும் அக்கொடுமைக்கு உரமிட்ட அச்சத்தை விதைத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதை அவர்கள் சொன்னதில்லை. நோய் தீர்க்க வந்த மருத்துவர், நோய் பரவுவதற்கும் முன்னரே காரணராயிருந்தார்.

1811ஆம் ஆண்டளவில் பிலிமத்தலாவை வீழ்ந்தார். பின்னர்க் கொலைத் தண்டனையும் பெற்றார். அவரிடத்துக்கு உயர்ந்தவரே எகலப்பொல. முதலாம் அதிகாரம் என்ற பதவியோடு சப்ரகமுவையின் திசாவை என்ற பொறுப்பும் அவரிடமிருந்தது. உயர்குடிப் பிறப்பு, மக்களிடத்துச் செல்வாக்கு, மிகுந்த ஆசை ஆகிய மூன்றும் அவரிடத்தே ஒருங்கே அமைந்திருந்தன. அவருடைய மனைவி மொனரவில கெப்பெட்டிபொல என்னும் பிரதானியின் சகோதரி.

இக்காலத்தே கொழும்பில் சோன் டொயிலி என்னும் ஆங்கிலேய உத்தியோகத்தர் இருந்தார். அவர் சிங்கள மொழியைப் பிக்கு ஒருவரிடம் முறையாகக் கற்றுத் தேர்ந்தவர். மொழியாசிரியனாகிய நான் அவருடைய கல்வியை மதிக்கிறேன். அது பயன்பட்ட விதத்தை எண்ணி வருந்துகிறேன். ஓலைகளாலும் ஒற்றர்களாலும் கண்டிப் பிரதானிகளின் மனத்தை அவர் நாள்தோறும் அளந்துகொண்டிருந்தார். எகலப்பொலையுடனும் அவருக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. ஒரு வீட்டாரின் மொழியைக் கற்பவன் அவ்வீட்டின் நண்பனாகலாம். அவ்வீட்டின் திறப்பையும் கைப்பற்றலாம். டொயிலி இரண்டையும் செய்தார்.

போகம்பறை

1814ஆம் ஆண்டின் முற்பகுதியில் அரசன் எகலப்பொலையைத் தலைநகருக்கு அழைத்தான். போனால் தலை தப்பாது என்றறிந்த அவர் போகாது, சப்ரகமுவையில் கலகக்கொடி உயர்த்தினார். ஆங்கிலேயரிடம் படை வேண்டினார். அப்போது படை வரவில்லை. அவருடைய பதவியைப் பெற்ற மொல்லிகொடை அரச படையுடன் வந்து கலகத்தை முறியடித்தார். எகலப்பொல எல்லை கடந்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார்.

திசாவைகள் தம் மாகாணங்களுக்குச் செல்லும்போது அவர்தம் குடும்பத்தார் கண்டியிலே பிணையாக இருப்பது அவ்வரசின் வழக்கம். எகலப்பொலையின் மனைவியும் மக்களும் அவ்வாறே அங்கிருந்தனர். 1814ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் அவர்கள் கொல்லப்பட்டனர். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொண்டபோது, இளையவனான மத்தும பண்டார முன்வந்து வாளுக்குத் தலை கொடுத்தான் என்பதும், வெட்டுண்ட மக்களின் தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் ஏவப்பட்டாள் என்பதும் வழிவழி வந்த செய்திகள். உரற் செய்தியைப் பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. ஆயினும் குழந்தைகள் வெட்டுண்டதிலும், தாய் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டதிலும் ஐயமில்லை. சப்ரகமுவைத் தலைவர்கள் பலர் கழுவேற்றப்பட்டனர்.

கண்டிக்குப் போகும்போதெல்லாம் போகம்பறைப் பக்கத்தில் சற்றே நின்று வருவது என் வழக்கம். பிற நாட்டார் ஒருபோதும் தலையிடலாகாது என்று மேடையிலே முழங்குவது எளிது. அங்கே நிற்கும்போது அது எளிதன்று. அந்தத் தாய்க்கு யார் துணை வந்திருக்கவேண்டும் என்ற வினா அவ்விடத்திலே எழுந்து நிற்கிறது. எகலப்பொல வேற்றரசை அழைத்தது குற்றமென்போர், முதலில் அவ்வினாவுக்கு விடை கூறவேண்டும். மக்களை இழந்த ஒருவன் வாளைத் தேடும்போது, அவ்வாள் யாருடையதென்று விசாரிப்பதில்லை.

நாற்பது நாட்போர்

தேசாதிபதி பிரவுன்றிக் காலம் பார்த்திருந்தார். ஆங்கிலேயரின் ஆட்சிக்குட்பட்ட வணிகர் சிலர் கண்டியில் ஒற்றரென ஐயுறப்பட்டு, அரச கட்டளையால் அங்கங்கள் அறுக்கப்பட்டனர். பலர் மாண்டனர், எஞ்சியோர் கொழும்புக்கு வந்து சேர்ந்தனர். கலகக்காரரைத் துரத்தி வந்த கண்டிப் படையினர் எல்லையையும் கடந்தனர். 1815ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டது. இப்போர் கண்டி மக்களுக்கு எதிரானதன்று, அவர்களை வதைக்கும் கொடுங்கோலனுக்கு மட்டுமே எதிரானது என்று அறிவித்தலில் எழுதப்பட்டது. வல்லரசுகள் இன்று வெளியிடும் அறிக்கைகளைப் படிப்போர்க்கு இந்நடை புதிதாயிராது.

எகலப்பொல படைக்கு வழிகாட்டினார். அவரை முறியடித்த மொல்லிகொடையும் தம் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டதும் ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்தார். பெப்ரவரி 14இல் கண்டி வீழ்ந்தது. 18ஆம் நாள், மெதமகாநுவரப் பகுதியில் ஒளிந்திருந்த அரசன் எகலப்பொலையின் ஆட்களாற் பிடிக்கப்பட்டான். நாற்பதே நாளிற் போர் முடிந்தது. 1803இல் ஒரு படையையே விழுங்கிய மலைநாடு இம்முறை ஏறக்குறைய இரத்தமின்றி வசமாயிற்று. வாயிற் கதவை உள்ளிருந்தோரே திறந்துவிட்டமையே அதற்குக் காரணம்.

மார்ச்சு 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. அரசன் நீக்கப்பட்டான். அவனுடைய உறவினரான ஆண்மக்கள் கண்டி நாட்டுக்குட் புகுவது தடுக்கப்பட்டது. பௌத்த சமயத்துக்குக் காப்பும், பிரதானிகளின் உரிமைகளுக்கு உறுதியும் அளிக்கப்பட்டன. சித்திரவதையும் உறுப்பு அறுத்தலும் ஒழிக்கப்பட்டன. இவற்றுள் இறுதியாகச் சொன்னது உண்மையான நன்மை. அதை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் இரண்டகம். ஊவாத் திசாவையாகக் கெப்பெட்டிபொலையும், மாத்தளைத் திசாவையாக இரத்வத்தையும் ஒப்பமிட்டோருள் இருந்தனர்.

ஆனால் முடியை என்ன செய்வது? எகலப்பொல அதனைத் தமக்கென எதிர்பார்த்திருந்தார் என்பது பலர் கருத்து. பிரித்தானிய மன்னர் மூன்றாம் சோர்ச்சே கண்டியின் அரசரென ஒப்பந்தம் கூறிற்று. முதலாம் அதிகாரப் பதவி மொல்லிகொடைக்கே கிடைத்தது. எகலப்பொல பதவி எதனையும் ஏற்காது, பிரித்தானிய அரசாங்கத்தின் நண்பர் என்ற சிறப்பை மட்டும் பெற்றுக்கொண்டார். மனைவி மக்களைப் பறிகொடுத்து, நாட்டின் திறப்பையும் கையளித்தவருக்கு இறுதியிற் கிடைத்தது ஒரு பட்டம்.

நண்பரின் சிறைவாசம்

இரண்டரை ஆண்டு சென்றது. 1817ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊவா வெல்லசையிற் கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்த உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல, மக்களின் நிலையைக் கண்டு மனமாறினார். தமக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகளைக் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்பிவிட்டு, கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றார். தம் சகோதரியைக் கொன்ற அரசனை வீழ்த்தவென்று ஒப்பமிட்ட கை, மூன்றாண்டு கழியுமுன்னரே அவ்வொப்பந்தத்தைக் கிழிக்க எழுந்தது. தீவு முழுவதும் பேசப்பட்ட இச்செய்தி மாத்தளை மண்ணுக்குப் பெருமை தருவது.

ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் விதித்தனர். ஊர்கள் எரிக்கப்பட்டன; நெல்லும் கால்நடையும் அழிக்கப்பட்டன. கண்டி மக்களின் உயிரிழப்புப் பத்தாயிரம் வரை இருக்கலாம் என்று அக்காலத்தே இங்கிருந்த ஆங்கில மருத்துவர் தேவி என்பவரே கணித்திருக்கிறார். 1815இல் கொடுங்கோன்மையிலிருந்து மீட்கப்பட்ட அதே மக்கள் 1818இல் இராசத்துரோகிகள் எனப்பட்டனர். மக்கள் மாறவில்லை, பெயரிடும் அதிகாரம் யாரிடமிருந்தது என்பதே மாறியிருந்தது. பயங்கரம் என்ற சொல்லை யார் யார்மேற் சுமத்துகின்றார் என்று பார்த்தபின்னரே அச்சொல்லை நம்பவேண்டும் என்று மாணவருக்கு நான் கூறுவது இதனாலேதான்.

மைத்துனர் எதிரணியில் நின்றமையால் எகலப்பொலைமீதும் ஐயம் விழுந்தது. 1818ஆம் ஆண்டில் அவரைப் பிடித்துக் கொழும்பிற் காவலில் வைத்தனர். குற்றச்சாட்டு எதுவும் நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை; விசாரணையே நடைபெறவில்லை. சிறிது காலம் முன்வரை நண்பரென அழைத்தவர்களுக்கு, அவருடைய செல்வாக்கே இப்போது குற்றமாகத் தோன்றியது. துணைவனுக்கு நாம் தேவைப்படும் வரையில் நம் செல்வாக்கு அவனுக்குச் செல்வம். தேவை தீர்ந்தபின் அதுவே அவனுக்கு அச்சம்.

1818 நவம்பரில் கெப்பெட்டிபொல கண்டியிலே தலை வெட்டப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாட் பிரகடனம், ஒப்பந்தத்தால் உறுதியளிக்கப்பட்ட பிரதானிகளின் உரிமைகளைப் பெரிதும் குறைத்தது. எகலப்பொல ஏழாண்டு கொழும்பிற் காவலிலிருந்து, 1825இல் மொரீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1829இல் அங்கேயே உயிர்நீத்தார். அவர் மீண்டும் கண்டியைப் பார்க்கவில்லை.

அவருடைய வாழ்க்கை முடிந்தும் கதை முடியவில்லை. 1848ஆம் ஆண்டிலே புதிய வரிகளை எதிர்த்து எங்கள் மாத்தளை எழுந்தது. மீண்டும் இராணுவச் சட்டம்; மீண்டும் துப்பாக்கி முனையிற் கொலைத் தண்டனைகள். வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் உயிர் கொடுத்தார். அடக்குமுறையின் கொடுமை இலண்டன் பாராளுமன்றம் வரை விசாரணைக்குப் போயிற்று. தேசாதிபதி தொரிங்டன் பதவி நீங்கினார். மீட்க வந்தோர் வந்து முப்பத்து மூன்று ஆண்டுகளாகியும் போகவில்லை. அதன் பின்னரும் நூறாண்டு இருந்தனர்.

நிறுக்கவேண்டிய நிறை

இதற்கு முன்னும் இவ்வரசு இப்பாடத்தைப் படித்ததுண்டு. 1638ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரை அழைத்தான். போர்த்துக்கேயர் போயினர், ஒல்லாந்தர் தங்கினர். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதையென்று சிங்கள மக்கள் இன்றும் இதனைச் சொல்வர்.

இவற்றைக் கொண்டு, எவரும் எவருக்கும் துணைபோகலாகாது என்று நான் முடிவு கூறவில்லை. 1994ஆம் ஆண்டில் உருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களுக்குள் எட்டு இலட்சம் பேரளவில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அப்போது வல்லரசுகள் விலகி நின்றதை உலகம் இன்றும் குற்றமாகவே கருதுகிறது. நம் நாட்டிலும் 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அரசாங்கம் கேட்க, இந்தியா உட்படப் பல நாடுகள் உதவியனுப்பின. வந்தோர் அலுவல் முடிந்ததும் சென்றனர். ஆட்சி இந்நாட்டாரிடமே இருந்தது.

1987ஆம் ஆண்டு யூலை 29இல் இலங்கை இந்திய உடன்படிக்கை கைச்சாத்தாகி, இந்திய அமைதி காக்கும் படை வடக்கிலும் கிழக்கிலும் வந்திறங்கியது. அதன் கதை வேறுவிதமாயிற்று. தொடக்கத்திலே மக்கள் மலர் தூவி வரவேற்றனர். அவ்வாண்டு ஒக்தோபரிலே போர் மூண்டது. 1990 மார்ச்சிலே படை திரும்பியது. இருபக்கத்திலும் பல உயிர்கள் போயின. ஆப்கானித்தானத்தில் 2001இல் புகுந்த அமெரிக்கப் படை இருபதாண்டு இருந்து 2021 ஆகத்தில் வெளியேறிற்று. எந்த ஆட்சியை அகற்ற வந்ததோ அதே ஆட்சி மீண்டும் அமர்ந்ததை நாம் கண்டோம்.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுவே. வருவோன் கூறும் காரணம் நல்லதா தீயதா என்பது மட்டும் போதிய அளவுகோலன்று. 1815இல் கூறப்பட்ட காரணம் பெரும்பாலும் உண்மையே. எவ்வளவு காலம் இருப்பான், எதுவரை செய்வான், பணி முடிந்ததென்று சொல்லும் அதிகாரம் யாருடையது, போகமாட்டேன் என்றால் அனுப்பும் ஆற்றல் நமக்குண்டா என்ற வினாக்களையும் அழைக்குமுன்னரே கேட்கவேண்டும். எகலப்பொல தம் பகைவனின் கொடுமையை நிறுத்துப் பார்த்தார். தம் துயரையும் நிறுத்துப் பார்த்தார். துணைவனின் வலிமையை மட்டும் நிறுக்கவில்லை. அது போதுமா என்று பார்த்தாரேயன்றி, அது தமக்கு மிஞ்சியதா என்று பார்த்தாரில்லை. வள்ளுவர் துணைவலியையும் தராசிலேற்றச் சொன்னதன் பயன் அங்கேதான் விளங்குகிறது.

அழைக்கப்படுவோர்க்கும் இதில் அறமுண்டு. அடைக்கலம் புகுந்தவனின் கண்ணீரைத் தன் நாட்டெல்லையை விரிக்கும் கருவியாக்குவது உதவியாகாது. போகும் நாளைக் குறிக்காது வருகின்றவன் துணைவனல்லன், புதிய உரிமையாளன்.

ஒரே அரண்மனையில் ஒன்றாக நின்ற மூவரின் முடிவைக் கூறி அன்றைய பாடத்தை முடித்தேன். அரசன் 1816இல் கடல்கடந்து சென்று, 1832இல் வேலூரில் இறந்தான். அவன் சமாதி பாலாற்றங்கரையில் உள்ளது. அரசனை வீழ்த்திய அதிகாரம் மொரீசியசு மண்ணிற் புதையுண்டார். அவருடைய மைத்துனரின் மண்டையோடு ஆராய்ச்சிப் பொருளாக எடின்பரோவுக்குப் போய், 1954இலேதான் கண்டிக்குத் திரும்பி அடக்கஞ் செய்யப்பட்டது. தம்முள்ளே தீராப் பகை கொண்ட மூவரையும் தீவுக்கு வெளியே கொண்டுபோனது ஒரே கை.

மணியடித்தது. வினாவெழுப்பிய மாணவி புத்தகத்தை மூடாமலே இருந்தாள். அப்படியானால் போகம்பறையில் நின்ற தாயை யார் காப்பாற்றியிருக்கவேண்டும் என்று மெல்லக் கேட்டாள். அவ்வரசனைச் சூழ்ந்திருந்த பிரதானிகள் அத்தனை பேரும், அந்த நாளுக்கு முன்னரே ஒன்றுபட்டு நின்றிருக்கவேண்டும் என்றேன். நின்றார்களா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அதற்குரிய விடையை நாற்பது நிமிடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாளல்லவா?